இரண்டே முக்கால் மணிச் சாம்பார்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜார்ஜ்டவுனில் ஒரு சின்ன வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நான் இரண்டு நட்சத்திரம் போட்டேன். கைப்பேசி வரைபடத்தில் கடையின் பெயரைத் தட்டி, கீழே இப்படி எழுதினேன்: "சாம்பார் தண்ணி. பொரியல் ஆறிப் போச்சு. அப்பளம் நமத்துப் போச்சு. நம்ம ஆளுங்க கடைன்னு நம்பிப் போனேன். வேஸ்ட்." எழுதி முடித்தபோது ஏதோ பொதுச்சேவை செய்த திருப்தி இருந்தது. அடுத்த சில வாரங்களில் முப்பத்துச் சொச்சம் பேர் அதற்கு விருப்பக்குறி இட்டார்கள். நான் எழுதிய எந்தக் கட்டுரைக்கும் அத்தனை வாசகர்கள் கிடைத்ததில்லை.

அந்த வரிகளில் பொய் இல்லை. சாம்பார் தண்ணியாகத்தான் இருந்தது. பொரியல் ஆறித்தான் போயிருந்தது. ஆனாலும் நான் எழுதியது விமர்சனம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். உண்மையைத்தானே எழுதினேன், பிறகு எது குறைந்தது? ஒரு வேளைச் சோற்றோடு முடிந்துவிடுகிற கேள்வியாக எனக்கு இது தெரியவில்லை. புத்தகங்களைப் பற்றி எழுதும்போதும் நாம் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். அதனால்தான் இதை இந்த இதழுக்கு எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் சுங்கை பட்டாணிக்காரன். நிபோங் தெபாலில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் படித்துவிட்டு, ஐந்து வருடமாகப் பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. வாடகை அறையில் ஒரு மின்கெண்டி மட்டும் உண்டு. சமைக்கத் தெரியாது. அதனால் காலையில் பசியாறுவதிலிருந்து இரவுச் சோறு வரைக்கும் எனக்குக் கடைகள்தான். உணவு ரசிகன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வேறு வழியின்மையும் இருக்கின்றன.

நட்சத்திரம் யாருக்கு?

பினாங்கில் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. டாக்ஸி ஓட்டுபவர், வங்கியில் வேலை செய்பவர், என் தொழிற்சாலையின் காவலாளி என்று ஆளுக்கு ஒரு சார் குவே தியாவ் கட்சி உண்டு. கட்சி மாறுவது லேசில் நடக்காது. 2008இல் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. 2022 டிசம்பரில் மிஷலின் வழிகாட்டியின் முதல் கோலாலம்பூர், பினாங்குப் பதிப்பு அறிவிக்கப்பட்டது. பினாங்கில் இரண்டு உணவகங்களுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. ஒன்று நோன்யா சமையல் செய்யும் ஆண்டி கைக் லீன்ஸ், இன்னொன்று ஐரோப்பிய முறையில் சமைக்கும் ஓ ஜார்டன். கட்டுப்படியாகும் விலையில் நல்ல உணவு தரும் கடைகளுக்கென்று வைத்திருக்கும் 'பிப் கூர்மான்' பட்டியலில் அங்காடிக் கடைகளும் வந்தன. அன்றிலிருந்து சில கடைகளில் சாப்பிடுவதற்கு முன் வரிசையைப் படம் எடுப்பது ஒரு சடங்காகிவிட்டது.

மிஷலின் ஒரு டயர் கம்பெனி. 1900இல் பிரான்சில் கார் ஓட்டுபவர்களுக்காக அந்த வழிகாட்டியை வெளியிடத் தொடங்கியது. ஜனங்கள் நிறைய ஓட்டினால் டயர் நிறையத் தேயும். இன்றைக்கும் அந்த நட்சத்திரங்களின் பொருளுக்குள் சாலை இருக்கிறது. ஒன்று என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம்.

மிஷலினைக் கிண்டல் செய்வது என் நோக்கமில்லை. அவர்களுடைய ஆய்வாளர்கள் தங்களை யார் என்று காட்டிக்கொள்ளாமல் போகிறார்கள், காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். பொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இணக்கம், சமைப்பவரின் ஆளுமை, நாள்பட்டும் மாறாத தரம் என்று ஐந்து அளவுகோல்களை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். என் இரண்டு நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் அளவுகோல்கூட இல்லை. ஆனால் மிஷலின் கேட்பது பயணியின் கேள்வி. ஊரில் குடியிருப்பவனின் கேள்வி வேறு. செவ்வாய்க்கிழமை மதியம், கையில் பதினைந்து வெள்ளி, ஒரு மணி நேரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். எங்கே போவது, போனால் எதைக் கேட்டு வாங்குவது? அதே கடைக்கு அடுத்த வாரமும் போகப் போகிறவன் அவன். அவனுக்கும் கடைக்கும் நடுவில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு குடும்ப உறவு. சண்டை போடலாம், ஆனால் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் காணொளிகள். கறித்துண்டைத் தூக்கிக் காட்டி, வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "செம்ம", "வேற லெவல்", "பவர் லா". மென்று விழுங்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. என் இரண்டு நட்சத்திரமும் இதே வகைதான். அவர்கள் சந்தோஷத்தில் அவசரப்பட்டார்கள், நான் எரிச்சலில் அவசரப்பட்டேன்.

நம்ம ஆளு கடை

என் பதிவில் இப்போது என்னை அதிகம் உறுத்துவது சாம்பாரைப் பற்றிய வரி இல்லை. "நம்ம ஆளுங்க கடைன்னு நம்பிப் போனேன்" என்ற வரிதான். சாம்பாருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நம் ஆட்களின் கடையைப் பற்றி நாம் இரண்டே விதமாகத்தான் பேசுகிறோம். ஒன்று, "நம்ம ஆளு கஷ்டப்பட்டு நடத்துறாரு, ஆதரவு குடுங்க." இன்னொன்று, "நம்ம ஆளுங்களே இப்படித்தான், அதான் முன்னேற மாட்டேங்கறோம்." முதலாவது புலனக் குழுக்களில் பகிரப்படும். இரண்டாவது சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொல்லப்படும். இரண்டிலும் 'நம்ம' இருக்கிறது, சாப்பாடு இல்லை. இந்த நாட்டில் தமிழ்ப் புத்தக வெளியீட்டுக்குப் போயிருப்பவர்களுக்கு இந்த இரண்டு குரல்களும் பழக்கமானவை. மேடையில் "நம் எழுத்தாளர், வாங்கி ஆதரியுங்கள்" என்பார்கள். வெளியே தேநீர் மேசையில் "இங்க எவன் ஒழுங்கா எழுதுறான்" என்பார்கள். அந்த நாவலின் மூன்றாவது அத்தியாயத்தில் என்ன நடக்கிறது, அது ஏன் சோர்ந்து போகிறது என்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆதரவும் அவநம்பிக்கையும் பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் படைப்பைத் திறந்து பார்க்கத் தேவையில்லை.

இந்த 'நம்ம' பற்று நமக்கு மட்டும் உரியதும் இல்லை. பினாங்கின் புகழ்பெற்ற அங்காடி உணவுகள் சிலவற்றை வெளிநாட்டவர் தலைமைச் சமையல்காரராக நின்று சமைக்கக் கூடாது என்று மாநில அளவில் ஒரு விதி 2016இல் நடைமுறைக்கு வந்தது. ஊர்க்காரன் கையில்தான் ஊர்ச்சுவை நிற்கும் என்பது அதன் அடிப்படை. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. கைப்பக்குவம் தலைமுறை மாறி வருவது என்பதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த விதி கேட்பது 'யார் கை' என்பதை மட்டுமே. அந்தக் கை என்ன செய்கிறது, அதற்கு யார் எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைக் கேட்பதில்லை. இந்த ஊருக்கே அடையாளமாகிவிட்ட நாசி கண்டார், கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கொண்டுவந்தது. மலாயில் கண்டார் என்றால் தோளில் சுமக்கும் தடி, நம் காவடித் தடி மாதிரி. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். அன்றைக்கு அவர்களும் இந்த ஊருக்கு வெளியூர் ஆட்கள்தான்.

பச்சை வாசனை

இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குள் தமிழ் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்குப் பெயர்களே சாட்சி. மலாய்க்காரர் 'கெடாய்' என்பது நம் கடை. எந்த இனத்துக்காரரானாலும் பினாங்கில் 'அப்போம்' என்று கேட்டு வாங்குவது நம் ஆப்பம். 'காரி' நம் கறி. பெயர்களைக் கொடுத்தோம். சுவையை எடைபோடும் சொற்களை மட்டும் சமையலறையிலேயே விட்டுவிட்டோம்.

சார் குவே தியாவைப் பற்றி யார் பேசினாலும் 'வோக் ஹெய்' என்ற கந்தோனீயச் சொல் வந்துவிடும். கடுஞ்சூட்டில் வாணலியில் புரட்டும்போது, கருகுவதற்கு ஒரு கணம் முன்னால் உணவில் ஏறும் அந்தப் புகைமணம். இன்று ஆங்கிலத்தில் உணவைப் பற்றி எழுதுபவர்கள் அதை மொழிபெயர்க்காமலேயே எழுதுகிறார்கள். 2004இல் கிரேஸ் யங்கின் நூல் ஒன்று 'வாணலியின் மூச்சு' என்று பொருள்படும் தலைப்போடு வந்தது. அந்தச் சொல்லை விளக்க ஒரு புத்தகமே இருக்கிறது.

நம்மிடம் சொல் இல்லையா? என் அம்மா குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "பச்ச வாசன இன்னும் போகல" என்பார். இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. மசாலா எண்ணெயில் போதுமான நேரம் வதங்கவில்லை, எண்ணெய் பிரிந்து வரவில்லை, இன்னும் சில நிமிடம் அடுப்பில் இருக்க வேண்டும் என்பது அத்தனையும் அந்த இரண்டு சொல்லில் அடக்கம். "புளி கொதிக்கல" என்றாலும் அப்படித்தான். 'காந்தல்' என்றால் அடிப்பிடித்ததைச் சுரண்டிக் கலந்துவிட்டார்கள். 'சிக்கு வாடை' என்றால் எண்ணெய் பழசு. 'கவுச்சி' என்றால் மீனைக் கழுவியது போதவில்லை. 'நமத்துப் போனது' என்றால் டப்பா மூடியைத் திறந்து போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் குறையைச் சொல்லும்போதே அதன் காரணத்தையும் கையைக் காட்டிவிடுகிறது.

என் வேலையில் இது எனக்குத் தினமும் தேவைப்படுகிற குணம். ஒரு சில்லு பழுதானால் 'இது மோசம், ஐந்துக்கு இரண்டு' என்று அறிக்கை எழுத முடியாது. மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். எந்த இடத்தில், எந்த மாதிரிப் பழுது, தயாரிப்பின் எந்தப் படியில் அது உண்டாகியிருக்கும் என்று எழுத வேண்டும். அதைப் படிப்பவர் இயந்திரத்தின் முன் போய் நின்று ஏதாவது செய்ய முடிய வேண்டும். வேலையில் இவ்வளவு ஒழுங்காக இருப்பவன், சோற்றுக்கு முன் உட்கார்ந்ததும் 'வேஸ்ட்' என்று எழுதிவிட்டான். 'சாம்பார் தண்ணி' என்ற என் சொல்கூடக் காரணத்தின் வாசல் வரை போயிருந்தது. கதவைத் திறந்து பார்க்கத்தான் பொறுமை இல்லை.

நாக்கும் கடிகாரமும்

தொழிற்சாலையில் எந்த அளவுக்கருவியையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டோம். முதலில் கருவியையே சோதிப்போம். பத்துப் பொருளை எடுத்துக்கொண்டு, மூன்று பேர், ஆளுக்கு இரண்டு மூன்று தடவை அதே பொருளை அளப்பார்கள். வரும் வித்தியாசத்தில் பொருளால் வந்தது எவ்வளவு, அளந்தவராலும் கருவியாலும் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். பின்னது 10 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் கருவி நல்லது. 30ஐத் தாண்டினால் அதைத் தள்ளி வைத்துவிட வேண்டும்.

அன்றைக்கு என் நாக்கு என்ற கருவி எந்த நிலையில் இருந்தது? முதல் நாள் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை. நான்கு மணி நேரத் தூக்கம். எழுந்ததும் சீனி தூக்கலாக ஒரு கோப்பி, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். சாப்பிட்டது ஒரே தடவை. இந்த லட்சணத்தில் எடுத்த அளவை வைத்து ஒரு குடும்பத்தின் பிழைப்புக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

அதில் மணி முக்கியம் என்று நினைக்கிறேன். இந்த ஊரின் சாப்பாட்டை நேரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. கேம்பல் சாலையில் 1907இலிருந்து இருக்கும் ஹமீதியாவோ, பினாங்கு சாலைச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியரோ, என் தொழிற்பேட்டைப் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும் ஏதோ ஒரு கடையோ, நாசி கண்டார் என்றால் அது ஒரே சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறோம். காலை பதினொன்றுக்கு ஒன்று, இரவு இரண்டு மணிக்கு இன்னொன்று. பதினொன்றுக்குக் குழம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக நிற்கும். மீன் குழம்பில் புளி தெரியும், கோழியில் பட்டை கிராம்பு தெரியும், பருப்புக் குழம்பு பருப்புக் குழம்பாகவே இருக்கும். 'குவா சம்போர்' என்று கேட்டால் அவர் நான்கைந்து தட்டுகளிலிருந்து மொண்டு சோற்றின் மேல் விடுவார், கலப்பது நம் விரல்தான். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கலப்பு ஏற்கெனவே பாதி நடந்து முடிந்திருக்கும். நாள் முழுக்க ஒரே கரண்டி தட்டுக்குத் தட்டு போய் வந்திருக்கும். சூட்டிலேயே நின்று நின்று குழம்பு வற்றியிருக்கும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பள்ளிக்கூட அறிவியல்தான். அதனால் இரவுக் குழம்பு கெட்டியாக, கருமையாக, உப்பும் எண்ணெயும் ஏறி இருக்கும்.

எது நல்லது? பகலில் என்றால் நான் மீன் வாங்குவேன், குழம்புகளில் இரண்டுக்கு மேல் விட வேண்டாம் என்பேன். நள்ளிரவில் குழம்பைக் குறைத்து, வெண்டைக்காயும் பொரித்த கோழியும் கேட்பேன். அவித்த வெண்டைக்காய் அந்த உப்பைத் தாங்கிக்கொள்ளும். ஷிப்டு நடுவில் பசியோடு போகிறவனுக்கு அந்த இரவுக் கெட்டிதான் ருசி என்பதையும் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குப் பிறந்த சாப்பாடு, 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்த பிறகு இரவு வேலைக்காரர்களின் சாப்பாடாகவும் ஆனது. பகலில் வந்த பயணி ஐந்து நட்சத்திரம் போடுவார், இரவில் வந்தவர் 'உப்புக் கல்' என்று ஒன்று போடுவார். வரைபடம் இரண்டையும் கூட்டி வகுத்து மூன்று என்று காட்டும். அந்த மூன்று நட்சத்திரச் சாப்பாட்டை அந்தக் கடையில் எந்த நேரத்திலும் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

சாம்பார் பக்கம்

நாசி கண்டார் நேரம் ஆக ஆக வற்றுகிறது. சாம்பார் நேரம் ஆக ஆக நீர்க்கிறது. இது எனக்குத் தெரிந்தது, பதிவு போட்டு எட்டு மாதம் கழித்து.

வேலையிடத்துச் சீன நண்பர் ஒருவர் நல்ல வாழையிலைச் சாப்பாடு என்று சொல்லி என்னை இழுத்துப் போனார். போய் நின்றால் அதே கடை. மணி பதினொன்றரை. நான் தயங்கித்தான் உட்கார்ந்தேன். சாம்பார் வந்தது. பருப்பு குழைந்து, முருங்கைக்காய் வாசத்தோடு, சோற்றின் மேல் விட்டால் ஓடாமல் நின்றது. கோவைக்காய்ப் பொரியல் இன்னும் ஆவி பறந்தது. ஆட்டிறைச்சிப் பெரட்டலில் மிளகு பின்னால் வந்து தொண்டையைப் பிடித்தது. நண்பர் என் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பிடிக்கலையா?" என்றார்.

அதற்கப்புறம் நானாகவே போக ஆரம்பித்தேன். வேறு வேறு நேரங்களில் போனேன். தொழில்புத்தி. பன்னிரண்டரைக்குக் கூட்டம் கட்டி ஏறும். ஒன்றரைக்குப் பொரியல் ஒன்று தீரும். இரண்டு மணிக்கு மேல் அந்த அக்கா உள்ளே போய்ச் சாம்பார்ச் சட்டியில் ஒரு சொம்பு சுடுதண்ணீர் விட்டு, உப்பும் கொஞ்சம் பொடியும் போட்டுக் கொதிக்க விடுவதை நானே பார்த்தேன். உள்ளே அவர் ஒருவர்தான். கணவர் இலை போட்டுப் பரிமாறுகிறார், கல்லாவையும் பார்க்கிறார். முன்பு சமையலுக்கு உதவிய பையனுக்குப் பெர்மிட் புதுப்பிக்க முடியாமல் அவன் ஊருக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. பிரிமாஸ், பிரெஸ்மா மாதிரியான உணவகச் சங்கங்கள் வருடக்கணக்காகப் பத்திரிகையில் சொல்லிவரும் ஆள் பற்றாக்குறைதான், ஒரு சட்டிச் சாம்பாரின் அளவில்.

ஒருநாள் தைரியம் வந்து சொன்னேன். "அக்கா, காலைல சாம்பார் அவ்ளோ நல்லாருக்கு. ரெண்டு மணிக்கு மேல தண்ணியா போயிடுது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும் தம்பி," என்றார். "நான் ஒருத்தி ரெண்டாவது சட்டி வைக்க முடியாது. சாம்பார் முடிஞ்சிருச்சுன்னா வர்றவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? வாழயெல கடைல சாம்பார் இல்லயான்னு ஏசுறாங்க. நீங்க ஒத்துக்குவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். 'சாம்பாரே இல்லாத வாழையிலைக் கடை' என்று எழுதி ஒரு நட்சத்திரம் போட்டிருப்பேன்.

அந்தப் பதிவைப் போட்டது நான்தான் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அதைப் படித்தாரா என்றும் கேட்கவில்லை. கேட்கத் துணிச்சல் இல்லை என்பதுதான் சரி.

பரிதாபமும் விமர்சனமும்

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "பன்னிரண்டு வெள்ளி குடுக்கறவன் அந்த அக்காவோட கஷ்டத்தையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சாப்பிடணுமா?" தேவையில்லை. காசு கொடுத்தவருக்கு நல்ல சாம்பார் கேட்க உரிமை உண்டு. ஆள் பற்றாக்குறை சாம்பாருக்குச் சுவை சேர்க்காது. கஷ்டப்படுகிறார்கள் என்பதற்காக நீர்த்த சாம்பாரை நன்றாக இருக்கிறது என்று நான் எழுதினால், அது மேடையில் சொல்லும் "நம் எழுத்தாளர், ஆதரியுங்கள்" தான். அவருக்கே அது அவமரியாதை. காலையில் அப்படி ஒரு சாம்பார் வைக்கத் தெரிந்தவருக்கு மதியம் அது என்ன ஆகிறது என்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

சாப்பிடுகிறவர் எல்லாரும் விமர்சகராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கவில்லையென்றால் எழுந்து போய்விடலாம். ஆனால் பொதுவில் எழுத உட்கார்ந்தால் பொறுப்பு கூடிவிடுகிறது. எழுதுகிறவர் திரும்பிப் போக வேண்டும். வேறு நேரத்தில், வேறு பசியோடு போக வேண்டும். அங்கே எது நன்றாக வருகிறது, எப்போது வருகிறது, எது எதனால் கெடுகிறது என்று சொல்ல வேண்டும். அப்படி எழுதினால் சாப்பிடப் போகிறவருக்கும் அது உதவும், சமைப்பவருக்கும் உதவும். என் பழைய பதிவு ஒருவரைக்கூட அந்தக் கடைக்குப் பதினொன்றரை மணிக்கு அனுப்பியிருக்காது. முப்பத்துச் சொச்சம் பேரை எந்த நேரத்திலும் போகவிடாமல் செய்திருக்கலாம்.

அதைத் திருத்த முயன்றேன். நேரத்தையும் காரணத்தையும் விவரமாக எழுதினேன். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் போடப் பார்த்தேன். அந்தச் செயலி விடவில்லை. நட்சத்திரம் இல்லாமல் ஒரு சொல் எழுத முடியாது. சொல் இல்லாமல் நட்சத்திரம் மட்டும் போடலாம். கடைசியில் பதிவையே அழித்துவிட்டேன். கடையின் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். எழுதினால் இதுவும் இன்னொரு நட்சத்திரமாகிவிடும். பெயர் தேவையும் இல்லை. உங்கள் ஊரில் நீங்கள் ஒரே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு ஒதுக்கிய கடை ஒன்று இருக்கும். ஒரே மூச்சில் முப்பது பக்கம் படித்துவிட்டு மூடிய புத்தகமும் இருக்கும்.

போன மாதம் வேலை முடிந்து தூங்கி எழுந்து போனபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. கணவர் இலையைப் போட்டுக்கொண்டே, "சாம்பார் முடிஞ்சிருச்சு தம்பி, ரசம்தான் இருக்கு" என்றார். பக்கத்து மேசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் ரசத்தையே விடச் சொன்னேன். புளி நன்றாகக் கொதித்து அடங்கியிருந்தது, பூண்டு தட்டிப் போட்டது தனியாகத் தெரிந்தது. மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கல். அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.